சிம்மக்கல் ராஜபார்ட்டின் தாத்தா

மதுரையைப் பாண்டியர்கள் ஆண்டார்கள், நாயக்கர்கள் ஆண்டார்கள், முப்பதுகளில் வெள்ளைக்காரர்கள் ஆண்டுகொண்டிருந்தார்கள் என்று சரித்திரப் புத்தகங்கள் சொல்லும். நம்பாதீர்கள். முப்பதுகளில் மதுரையை ஆண்டவர் சிம்மக்கல்லில் ஓர் ஓட்டு வீட்டில் வாடகைக்குக் குடியிருந்தார். காலையில் ஒரு கையில் தயிர்சாதத் தூக்கும் கக்கத்தில் கேஸ் கட்டுகளுமாக எங்கள் வக்கீல் ஐயாவின் ஆபீசுக்குக் குமாஸ்தா வேலை பார்க்க வருவார். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளம் வாங்கும்போது மட்டும் அதை உபயோகிப்பார். மற்றபடி கோர்ட்டு வாசல் முதல் ஜட்கா ஸ்டாண்டு வரை எல்லோருக்கும் அவர் ராஜபார்ட்.

ராஜபார்ட் என்றால் நாடகத்தில் ராஜா வேஷம் கட்டுகிறவர். இவர் எந்த வேஷமும் கட்டியதில்லை. மேடைப் படிக்கட்டில்கூடக் கால் வைத்ததில்லை. வேஷம் கட்டியவர் அவருடைய தாத்தா, சோழவந்தான் முத்திருளன். போன நூற்றாண்டில் ஊர் ஊராகப் போய் நாடகம் போட்ட மனிதர். பேரன் பிறப்பதற்கு வெகு காலத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். ஆனால் பேரன் பேசுவதைக் கேட்டால், நேற்று ராத்திரிதான் தாத்தா ஒப்பனையைக் கலைத்துவிட்டுப் படுத்தார் என்று தோன்றும்.

"எங்க தாத்தா மேடையில நின்னு வாளை உருவுனார்னா, முன்னாடி உக்காந்திருந்த கலெக்டர் துரை நாற்காலியோட மல்லாந்துருவாரு தம்பி" என்பார்.

"எந்தக் கலெக்டர் அண்ணே?"

"எவன் வந்தாலும் மல்லாந்தான்."

மழை பெய்தால் தாத்தா மழையில் நடித்த கதை. பெய்யாவிட்டால் தாத்தா பாடி மழை வந்த கதை. ஆபீசில் மைக்கூடு கவிழ்ந்தால்கூட, தாத்தா எதிரி ராஜாவின் ரத்தத்தை மேடையில் சிந்திய கதைக்கு அது நல்ல ஆரம்பம். வக்கீல் ஐயா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வேலை செய்த நாட்கள் உண்டு. சளி என்று கட்சிக்காரர்களிடம் சொல்லிக்கொள்வார்.

தாத்தாவிடமிருந்து அவருக்கு வந்தவை குரலும் மீசையும் என்பது அவருடைய நம்பிக்கை. குரலைப் பற்றி நான் சாட்சி சொல்ல முடியும். சிம்மக்கல்லில் நின்று "ஏ, ஜட்கா!" என்று அவர் கூப்பிட்டால், ரயில்வே ஸ்டேஷன் வாசலில் நிற்கும் குதிரைகள் காதை நிமிர்த்தும். மீசை இரண்டு பக்கமும் முறுக்கேறி, பல்வலியால் கன்னம் வீங்கியிருந்த வாரத்திலும் இறங்காமல் நின்றது. ஆபீசுக்குள் அவர் சாதாரணமாக நுழைந்து நான் பார்த்ததில்லை. வாசலில் நிற்பார். கனைப்பார். யாராவது நிமிர்ந்து பார்க்கும்வரை உள்ளே கால் வைக்க மாட்டார்.

"யோவ், திரையைத் தூக்கியாச்சு. உள்ள வாய்யா" என்பார் வக்கீல் ஐயா.

சாட்சிகளைத் தயார் செய்வது ராஜபார்ட்டின் பொறுப்பு. இந்தப் பொறுப்பை அவரிடம் கொடுத்ததற்கு வக்கீல் ஐயா ஆயுளுக்கும் வருத்தப்பட்டார். மேற்கே செக்கானூரணிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு விவசாயச் சம்சாரிக்கு வாய்க்கால் வழக்கு. கூண்டில் ஏறி, வாய்க்கால் எங்கள் நிலத்து வழியாகத்தான் போகிறது என்று சொன்னால் போதும். ராஜபார்ட்டுக்கு அது வறட்சியான வசனமாகப் பட்டது. அந்த மனிதரை வைகை மணலுக்குக் கூட்டிப்போய் ஒத்திகை பார்த்தார். கோர்ட்டில் நீதிபதி, "வாய்க்கால் எங்கே போகிறது?" என்று கேட்டதும், சம்சாரி ஓர் அடி பின்வாங்கி, நெற்றியில் கையைக் குவித்து, தொலைதூரத்தைப் பார்த்து, "அதோ!" என்று முழங்கினார். நீதிபதி திரும்பி ஜன்னலைப் பார்த்தார். எதிர்க்கட்சி வக்கீல் பார்த்தார். வாசலில் நின்ற டவாலிச் சேவகன் வெளியே ஓடிப்போய்ப் பார்த்தான். அடுத்த வசனம் சம்சாரிக்கு மறந்துவிட்டது. மறுபடியும், "அதோ!" என்றார்.

ஆபீசுக்குத் திரும்பியதும் வக்கீல் ஐயா குதித்த குதியில் ஓட்டிலிருந்து தூசி விழுந்தது. ராஜபார்ட் அமைதியாகச் சொன்னார்: "நடிப்புல ஒரு கொறையும் இல்லைங்கய்யா. வசனத்துலதான் கோட்டை விட்டுட்டான்."

இப்படிப்பட்டவருக்குப் பூரணம் என்று ஒரே மகள். அவளுக்கு ஒரு வரன் வந்தபோதுதான் ராஜ்யத்துக்கே ஆபத்து வந்தது.

மாப்பிள்ளை ஆரம்பப் பள்ளிக்கூட வாத்தியார். உசிலம்பட்டி போகிற வழியில் நல்ல விவசாயக் குடும்பம். ஜாதகம் பொருந்தியது, குணம் விசாரித்தாயிற்று. ஒரே ஒரு சிக்கல். மாப்பிள்ளையின் அப்பா தரகரிடம் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லியிருந்தார்: "பொண்ணு ஏழையா இருந்தாலும் சரி. கூத்தாடி வீட்டுச் சம்பந்தம் மட்டும் ஆகாது." அந்தக் காலத்தில் நாடகத்தை விடிய விடியப் பார்ப்பார்கள். விடிந்ததும் நடிகனைத் தண்ணீர்ப் பானைக்கு அருகில் விட மாட்டார்கள்.

ராஜபார்ட்டின் மனைவி, எனக்கு மதினி முறையாகப் பழகியவர், என் வீட்டுக்கே வந்துவிட்டார். "தம்பி, ஒரு காலைப் பொழுது அவரு வாயை மூடிக்கிட்டு இருந்தாப் போதும். பூரணத்துக்கு அந்தப் பையனைப் புடிச்சிருக்கு. நீங்க பக்கத்துலயே உக்காந்துக்கிருங்க. தாத்தான்னு ஆரம்பிச்சா கேசரியை எடுத்து வாயில வச்சிருங்க."

எனக்கு அப்போது கல்யாணமாகி ஒரு குழந்தையும் இருந்தது. ஊட்டிவிட்டுப் பழக்கம் உண்டு. சரி என்றேன்.

பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா, இன்னும் சிலர். எல்லோருக்கும் முன்னால், பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளையின் தாத்தா. எண்பதை நெருங்கியவர். காது மந்தம், கண் தீட்சண்யம். ராஜபார்ட் கைகட்டி உட்கார்ந்திருந்தார். மீசை துடித்துக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளையின் அப்பா, "இந்த வருஷம் மழை கம்மி" என்றார்.

"மழைன்னதும் ஞாபகம் வருது. எங்க..." என்று வாயைத் திறந்தார் ராஜபார்ட். நான் கேசரியை வைத்தேன்.

"பஸ்ஸுல ஒரே கூட்டம்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"கூட்டமா? அந்தக் காலத்துல எங்க..." மறுபடியும் கேசரி.

பூரணம் காப்பி கொண்டுவந்து கொடுத்து, வணங்கிவிட்டு உள்ளே போனாள். வாத்தியார் மாப்பிள்ளை தரையைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தார். எல்லாம் நல்லபடி போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டுக்கு வைத்திருந்த கேசரியில் பெரும்பகுதி பெண்ணின் அப்பாவுக்குள் போய்விட்டது என்பதைத் தவிர.

பெரியவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார். காது மந்தமானவர் மெதுவாகப் பேசினால் தெருக்கோடிக்குக் கேட்கும். "ஏப்பா, பொண்ணோட அப்பனுக்கு வீட்ல சோறு போடறதில்லையா? இம்புட்டு கேசரி திங்கிறாரு?"

பிறகு ராஜபார்ட்டின் பக்கம் திரும்பினார். "உங்களுக்குப் பூர்வீகம் எது?"

"சிம்மக்கல்லுங்க."

"அதுக்கு முன்னாடி?"

"சோழவந்தான்."

"அடேயப்பா, நமக்குப் பக்கத்துச் சீமைதான். அங்க யாரு வீடு?"

தட்டில் கைவிட்டேன். கேசரி தீர்ந்துபோயிருந்தது. மதினி கதவுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. ராஜபார்ட் எழுந்து நின்றார். அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டார்.

"சோழவந்தான் முத்திருளன் பேரன் நான்! ராஜபார்ட் முத்திருளன்!"

மாப்பிள்ளையின் அப்பா வெற்றிலைத் தட்டைத் தள்ளி வைத்தார். உள்ளே டம்ளர் விழும் சத்தம் கேட்டது. எழுந்து போய்விடுவார்கள் என்று நினைத்த நேரத்தில் பெரியவர் காதருகே கையை வைத்து, "யாரு, முத்திருளனா?" என்றார்.

"ஆமா!"

"நாடகக்காரரா? மோவாயில ஒரு மச்சம் இருக்குமே?"

"அவரேதான்!"

பெரியவர் தொடையில் தட்டினார். "ராஜபார்ட்டுன்னா சொன்னே? அட அப்பு! அவுக ராஜாவா? அவுக ராணியப்பா! ஸ்திரீபார்ட்! எங்க பக்கமெல்லாம் ராணி முத்திருளாயின்னுதான் சொல்லுவோம்!"

அதற்குப் பிறகு அந்தப் பெரியவரை யாராலும் நிறுத்த முடியவில்லை. அவருடைய வாலிபத்தில் ஊருக்கு நாடகம் வந்ததாம். முத்திருளாயி சேலையைச் சொருகிக்கொண்டு நடந்து வந்த நடையைப் பார்த்ததும் இவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதாம். நடிக்கிறது ஆண் என்று கூட இருந்தவர்கள் சொன்னதை நம்பவில்லையாம்.

"கட்டுனா இவளைத்தான் கட்டுவேன்னு எங்க அப்பன்கிட்ட சண்டை. நாடக வண்டி பின்னாலயே நடந்து போனேன். விடியக்காலம் வைகைக் கரையில வண்டியை அவுத்து விட்டிருந்தாக. ராணி எங்கன்னு கேட்டேன். ஒருத்தன் கையைக் காட்டுனான். அங்கன ஒரு ஆளு குத்தவச்சு ஒக்காந்து சவரம் பண்ணிக்கிட்டிருக்கான். மோவாயில மச்சம்! எனக்கு நெஞ்சே வெடிச்சிருச்சு. அழுதுக்கிட்டே வீட்டுக்கு வந்து, அப்பன் காட்டுன பொண்ணைக் கட்டிக்கிட்டேன்."

முதலில் சிரித்தது மாப்பிள்ளை. பிறகு அவருடைய அம்மா. கதவுக்குப் பின்னால் பூரணம் சிரிப்பதும் மதினி அவளை அடக்குவதும் கேட்டது. பெரியவர் மகனைப் பார்த்துச் சொன்னார்: "நான் கட்டிக்க நெனச்ச பொம்பளை வீட்டுல என் பேரன் பொண்ணெடுக்குறான். எவனாவது குறுக்க பேசுனீங்க, சொத்தை எழுதிக் கோயிலுக்கு வச்சிருவேன். தட்டை மாத்துங்கடா!"

மாப்பிள்ளையின் அப்பா தள்ளிவைத்த வெற்றிலைத் தட்டை மெதுவாக இழுத்துக்கொண்டார்.

எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம். ராஜபார்ட் மட்டும் நின்றுகொண்டே இருந்தார். "எங்க தாத்தாவைப் பொம்பளைன்னு சொன்ன வீட்டுக்கு நான் பொண்ணு கொடுக்கிறதா இல்லை" என்றார். முதல்முறையாக அவர் தாழ்ந்த குரலில் பேசி நான் கேட்டது அன்றுதான். சொல்லிவிட்டுக் கொல்லைப்புறம் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் ஆபீசுக்கு வந்தார். கனைக்கவில்லை. யாரும் நிமிர்ந்து பார்ப்பதற்குள் வந்து உட்கார்ந்துவிட்டார். கட்டுகளைப் பிரித்தார், எழுதினார், கட்டினார். தூக்கில் இருந்த தயிர்சாதத்தைத் தொடவில்லை. வாரக்கணக்கில் இப்படியே போனது. மழைகூடப் பெய்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. வக்கீல் ஐயா காதிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டு, "என்னய்யா, மழை பெய்யுது பாரு" என்று வலிய எடுத்துக்கொடுத்தார். "ஆமாங்கய்யா" என்றார் ராஜபார்ட். அவ்வளவுதான். ஐயா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எனக்கு ஒரு வேலையும் ஓடலைய்யா. அந்த ஆளைப் பேச வை" என்றார்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதினி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். மதினி முறத்தைக் கீழே வைத்தார்.

"அந்தப் பெரியவரு சொன்னது நெசந்தான். எனக்குத் தெரியும்."

ராஜபார்ட் திரும்பினார்.

"மாமா, உங்க அப்பா, படுக்கையில கெடந்தப்போ எங்கிட்டச் சொன்னாக. சின்னப் புள்ளையில அவுகளை ஊருக்குள்ள ராணி மவன், ராணி மவன்னு ஓட ஓடக் கேலி பண்ணியிருக்காக. ஒருத்தன் சேலைத்துணியை மேல போட்டானாம். அதுக்குத்தான் சோழவந்தானை விட்டு மதுரைக்கு வந்தாக. வந்த எடத்துல யாரு கேக்கப்போறா? அப்பாவை ராஜாவாக்கிட்டாக. நீங்க பொறந்ததும் அதையே சொல்லி வளத்துட்டாக."

"இம்புட்டு வருஷம் ஏன்டி சொல்லலை?"

"நீங்க பாட்டுக்கு ராஜா ராஜான்னு சந்தோஷமாத் திரிஞ்சீக. நான் எதுக்குக் கெடுக்கணும்?"

பூரணம் வாசற்படியில் வந்து நின்றாள். அப்பாவிடம் நேரே பேசிப் பழக்கமில்லாத பெண். முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே சொன்னாள்: "அப்பா, ராஜாவா இருந்தா என்ன, ராணியா இருந்தா என்ன. எனக்கு வாத்தியாரு போதும்ப்பா."

ராஜபார்ட்டுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கப் பார்த்ததில் மீசை கோணிக்கொண்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரும் நானும் பஸ் ஏறிப் பெரியவரின் ஊருக்குப் போனோம். எதற்கு என்று அவர் வழியெல்லாம் சொல்லவில்லை. பெரியவர் கிணற்று மேட்டில் வேப்பமர நிழலில் கட்டிலில் படுத்திருந்தார். ராஜபார்ட் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து காதருகே குனிந்து, "எங்க தாத்தா எப்படி நடிப்பாரு? நான் பாத்ததில்லை. கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றார்.

பெரியவர் எழுந்து உட்கார்ந்தார். "ராஜா நாட்டைத் தோத்துட்டுக் காட்டுக்குப் போறாரு. ராணி வாசல்ல நிக்கிறா. மத்த ஸ்திரீபார்ட்டுன்னா நெஞ்சுல அடிச்சுக்கிட்டுக் கத்துவான். முத்திருளாயி அழவே மாட்டா. அழப்போற மாதிரி ஒரு மூச்சு இழுப்பா. அம்புட்டுத்தான். முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டுத் திரும்பிருவா. அழறதெல்லாம் நாங்கதான். கம்பு சுத்துற கல்நெஞ்சுக்காரன்லாம் துண்டைக் கடிச்சுக்கிட்டு அழுவான். எங்க ஊருப் பொம்பளைக மறுநாள் மஞ்சள், குங்குமம் கொண்டுபோய்க் கொடுத்தாக. அந்த மனுசன் ரெண்டு கையாலயும் வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு. கேலி பண்ணுனவுக இருந்திருப்பாக, அப்பு. ஆனா ராஜா வேஷம் கட்டுனது யாருன்னு இன்னைக்கு எனக்கு ஞாபகமே இல்லை."

ராஜபார்ட் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. பெரியவர் அவர் முதுகில் கைவைத்து, "மோவாயைக் காட்டு. ஆமா, அதே மோவாய்தான். மச்சந்தான் இல்லை" என்றார். புறப்படும்போது கல்யாணத்துக்கு நாள் குறித்துக்கொண்டுதான் வந்தோம்.

திங்கட்கிழமை காலை ஆபீஸ் வாசலில் ஒரு கனைப்பு. நிமிர்ந்தோம். மீசை மழித்த ஓர் ஆள் நின்றார். வக்கீல் ஐயா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "உக்காருங்க. என்ன கேஸ்?" என்றார்.

"நான்தான்யா. ராணி வம்சத்துக்கு மீசை எதுக்கு?"

அன்று, பேசாமல் விட்ட மழைக்கெல்லாம் சேர்த்துப் பேசினார். கலெக்டர் துரை இப்போது மல்லாந்து விழவில்லை. தாத்தா மூச்சு இழுத்ததும் கைக்குட்டையைப் பிழிந்து பிழிந்து அழுதார். "எந்தக் கலெக்டர்?" என்று கேட்டேன். "எவன் வந்தாலும் அழுதான்." வக்கீல் ஐயா மேஜை இழுப்பறையைத் திறந்து பஞ்சைத் தேடினார். கிடைத்தும் வைத்துக்கொள்ளவில்லை.

மதினிதான் தலையில் அடித்துக்கொண்டார். கல்யாணத்துக்கு நாள் குறித்தபின் பெண்ணின் அப்பா மீசையை எடுத்துவிட்டு நின்றதும், வீட்டில் ஏதோ துக்கம் என்று தெருவே விசாரிக்க வந்தது. ஒவ்வொருவருக்கும் அவர் ராணியின் கதையை முதலிலிருந்து சொன்னார். விசாரிக்க வந்தவர்களுக்குத்தான் துக்கம்.

கல்யாணம் நன்றாக நடந்தது. பந்தியில் யார் இலைக்கு முன்னால் உட்கார்ந்தாலும் எதிரே வந்து நின்று தாத்தாவைப் பற்றிப் பேசினார். கூத்தாடி வீடு என்று முகம் சுளித்த சம்பந்தி, கடைசியில் தன் சொந்தக்காரர்களை இழுத்துவந்து, "இவுக யாரு தெரியுமா? முத்திருளாயி பேரன்!" என்று அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தார். பெண் வண்டியில் ஏறிய பிறகும் ராஜபார்ட் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளையிடம் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். பூரணம் குனிந்து, "அப்பா, மிச்சத்தை மறுவீட்டுக்கு வரும்போது சொல்லுங்க" என்றாள். சரி என்று கையை எடுத்தார். வண்டி தெரு திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

யுத்தம் முடிகிற சமயத்தில் அவருக்குக் கண் மங்கியது. வேலையை விட்டுவிட்டு மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். அவர் போன பிறகு எங்கள் ஆபீசில் வேலை அதற்கு முன் எப்போதும் நடந்திராத வேகத்தில் நடந்தது. வக்கீல் ஐயா உட்பட எங்களில் ஒருவருக்கும் அது பிடிக்கவில்லை.